கிணற்றடி நிழலில் என்ன பூ வைக்கலாம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம குமரி மாவட்டத்து வீடுகளைப் பாருங்க. பின்பக்கம் தென்னை, பலா, அயினி என்று மரம் மூடிக் கிடக்கும். அதுக்குக் கீழேதான் கிணற்றடியும் பாத்திரம் கழுவுற இடமும். ஆனி, ஆடியில ஒரு மழை, ஐப்பசியில இன்னொரு மழை. ஈரம் காயவே காயாது. அங்கே கொண்டுபோய் பிச்சியை வைக்கிறோம், தோவாளைச் சந்தை விலையைப் பார்த்து ஆசைப்பட்டு! எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் உள்கடன் எடுத்து அப்படித்தான் வைத்தார்கள். கொடி நீண்டது, மொட்டு வரவில்லை. கடன் மட்டும் வட்டியோட நின்னுச்சு. பிச்சி மேல குத்தமில்ல. அதுக்கு நல்ல வெயில் வேணும்.

அதனால கடன் கேட்கிறதுக்கு முன்னால ஒரு வேலை செய்யுங்க. அந்த இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் நிறைச்சு விடுங்க. மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்திருந்தா அது ஈரமான இடம், செடி வைக்கலாம். அப்படியே நின்னா அது சேறு. வேர் அழுகும். அங்கே மேட்டுப்பாத்தி போடணும், இல்லைன்னா தொட்டிதான்.

என்னைக் கேட்டா முதல் செடி கனகாம்பரம். தென்னை ஓலைக்கு இடையில சல்லடையா விழுற வெயிலே அதுக்குப் போதும். வாசம் இல்லாட்டியும் தலையில வைக்க ஆள் உண்டு, எடை குறைவு, சீக்கிரம் வாடாது. தில்லி கனகாம்பரம் என்று விற்கிறாங்களே, அது விதை பிடிக்காது. குச்சி வெட்டி வச்சுத்தான் பெருக்கணும். அதனால ஒரு செடி வாங்கினா போதும், மீதியை நாமே உண்டாக்கிக்கலாம். பத்துச் செடிக்குக் காசு கொடுக்காதீங்க.

வெயிலே எட்டாத மூலைக்கு அந்தூரியம். சிவப்பா, மினுமினுன்னு இருக்கிறது பூ இல்லை, இலை மாதிரி ஒரு மடல். நடுவில நிற்கிற குச்சியிலதான் உண்மையான பூக்கள், பொடிசு பொடிசா. ஒரு இலைக்கு ஒரு பூ என்பது அதன் கணக்கு. அதனால நல்ல இலையைக் கிள்ளாதீங்க. வெறும் மண்ணில் வைக்க வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு, கரி, உடைந்த ஓடு கலந்து தொட்டியில் வையுங்க. மட்டைக்கு நமக்கா பஞ்சம்? வெள்ளையாப் பூக்கிற பீஸ் லில்லியும் இதே நிழலில் வரும். ரெண்டோட இலையையும் கடிச்சா வாய் எரியும், சின்னப் பிள்ளையும் ஆடும் எட்டாத இடமாப் பார்த்து வையுங்க.

காசித்தும்பை, டிசம்பர் பூ ரெண்டும் கொஞ்சம் வெளிச்சம் உள்ள ஓரத்துக்கு. காசித்தும்பை விதைக்குக் காசே வேண்டாம். பழுத்த காயைத் தொட்டாலே வெடிச்சுச் சிதறும்.

இன்னொண்ணு, கொசு. தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டுத் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்ச்சுக் கழுவணும். பூ வளர்க்கிறோம்னு டெங்குவை வளர்த்துடக் கூடாது.

கனகாம்பரக் குச்சி கொஞ்சம் வெட்டிக் கொண்டு வந்திருக்கேன், ஈரச் சாக்கில சுத்தி வச்சிருக்கு. வேணும்ங்கிறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் பின்வாசல் பக்கம் வாங்க, ஆளுக்கு அஞ்சு.