மல்ட்டி எஃபெக்ட்ஸுக்கு எந்த ஆம்ப்?

காசு சேர்த்து ஒரு மல்ட்டி எஃபெக்ட்ஸ் யூனிட் வாங்கினேன். வீட்ல ஹெட்போன்ல கேட்டா அவ்ளோ அழகு. முதல் மேடையில, அங்க இருந்த கிட்டார் ஆம்போட முன்பக்க இன்புட்ல சொருகினேன். போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி ஒரே மந்தம். டிரம்ஸ் ஆரம்பிச்சதும் என் கிட்டார் காணாமலே போச்சு. யூனிட்டை வித்துடலாம்னே முடிவு பண்ணிட்டேன்.

சவுண்ட் பார்க்கிற அண்ணன்தான் சொன்னார்: "தம்பி, கேப் சிமுலேஷனை ஆஃப் பண்ணிட்டு, ஆம்ப் பின்னாடி எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன்ல சொருகு."

விஷயம் இதுதான். யூனிட்டுக்குள்ளயே ஆம்ப் மாடலும் ஸ்பீக்கர் கேபினெட் மாடலும் இருக்கு. கிட்டார் ஸ்பீக்கர்ல சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒலி வேகமா குறைஞ்சிடும். கேப் சிமுலேஷனும் அதையேதான் செய்யுது. ரெண்டு தடவை வடிகட்டினா என்ன மிஞ்சும்? ரிட்டர்ன்ல போனா ஆம்போட ப்ரீஆம்ப்பையும் தாண்டிடலாம்.

லூப் இல்லாத ஆம்பா? ஆம்ப் மாடல், கேப் ரெண்டையும் ஆஃப் பண்ணி, ஆம்பை க்ளீன்ல வச்சு எஃபெக்ட்ஸ் மட்டும் போடுங்க. ரோலண்ட் ஜேசி-120 மாதிரி க்ளீன் ஆம்ப் இதுக்குத் தோது. பிஏ ஸ்பீக்கரா? எல்லாத்தையும் ஆன்லயே விடுங்க.

புது ஆம்புக்குக் காசு சேர்க்கிறதுக்கு முன்னாடி, அந்த ஒரு செட்டிங்கை மாத்திப் பாருங்க. என் யூனிட் இன்னும் என்கிட்டதான் இருக்கு.