கைப்பேசியும் ஐயப்பாடும்

(கீழவைப்பாரில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்குக் குறிக்கப்பட்ட பொருள் செல்போன் என்னும் கைப்பேசியைப் பற்றியது. இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியராகிய எமக்கு இப்பொருளில் யாது உரிமை என்று சிலர் வினவக்கூடும். உரிமை ஒன்றே: இவ்வூரிலும், சிப்பிகுளத்திலும், வேம்பாற்றிலும், தூத்துக்குடியிலும் நம்மவர் பலர் அண்மைக்காலத்தில் எம்மிடம் ஒரே வினாவைக் கொண்டுவருகின்றனர். "ஐயா, என் போனை எவனோ தொலைவிலிருந்து ஆட்டிவைக்கின்றான் போலத் தோன்றுகிறது, நான் பேசுவது வெளியே போகிறது, என்ன செய்வது?" என்பதே அவ்வினா. கேட்போருட் கடலோடிகளும் உளர்; கப்பலில் வேலை பார்ப்போரும் உளர்; கணவன் அயல்நாட்டிலிருக்கத் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்மக்களும் உளர். ஆதலின் இதனை ஆராய்தல் நம் கடமையாயிற்று.

ஐயம் வேறு, திரிபு வேறு என்று அளவை நூலார் பகுத்துரைப்பர். மாலை மயக்கத்திற் கிடக்கும் ஒன்றைக் கயிறோ பாம்போ எனத் துணியாது நிற்றல் ஐயம். கயிற்றையே பாம்பென்று துணிந்து அடிக்கப் புகுதல் திரிபு. ஐயம் குற்றமன்று, அறிவின் முதற்படி அதுவே. ஐயத்தை ஆராயாது திரிபாக்கிக் கொள்ளுதலே குற்றம். கைப்பேசி விஷயத்தில் நம்மவர்க்கு இருபாலும் கேடு நேர்கின்றது. ஐயுறவேண்டிய இடத்து ஐயுறாது பொருளிழப்போர் ஒரு சாரார். ஐயுறவேண்டாத இடத்து ஐயுற்று உறவிழப்போர் மற்றொரு சாரார்.

ஒரு கருவியைத் தொலைவிலிருந்து ஆளுதல் என்பது மாயமன்று. அவ்வாறு ஆளுதற்குரிய வழியைக் கருவி செய்தோரே அதனுள் அமைத்துள்ளனர். பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்க்கு அளிக்கும் கைப்பேசியிற் செயலிகளை ஏற்றவும் நீக்கவும், வேண்டுங்கால் அதனைப் பூட்டவும் தாமே அதிகாரம் வைத்துக்கொள்கின்றன. பிள்ளைகளின் கைப்பேசியைப் பெற்றோர் மேற்பார்வை செய்தற்குக் கூகுள் நிறுவனத்தாரின் செயலி ஒன்று உளது. தொலைந்த கைப்பேசியை வேறிடத்திலிருந்து தேடிக் கண்டு, பூட்டி, உள்ளிருப்பன யாவற்றையும் அழித்தற்கும் வழியுண்டு. தவணைக்கு வாங்கிய சில கைப்பேசிகளில், தவணை தவறினாற் பூட்டிவிடும் செயலியும் வைக்கப்படுவதுண்டு. இவையெல்லாம் உடையவன் அறிய, உடையவன் இசைவோடு நடப்பின் முறையாம். அறியாமல் நடப்பின் களவாம்.

பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டலும் புதிதன்று. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமே, செய்திகளை இடைமறித்தற்கு அரசினர்க்கு அதிகாரம் அளித்தது. அவ்வதிகாரத்தை மனம்போனவாறு செலுத்தலாகாது, முறைப்படி எழுதப்பட்ட ஆணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் வரையறுத்தது. பின்னர் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகள் ஒருங்கிருந்து, தனிமையுரிமை மக்களின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தந்திச் சட்டத்தின் இடத்தில் இப்பொழுது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துள்ளது.

இனி, நம்மவரை அச்சுறுத்தும் 'பெகாசஸ்' என்னும் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவோம். இஃது இஸ்ரேல் நாட்டு என்.எஸ்.ஓ. என்னும் நிறுவனம் செய்து, அரசாங்கங்களுக்கே விற்பதாகக் கூறும் வேவுச்செயலி. உடையவன் ஒரு பொத்தானையும் அழுத்தாதிருக்கவும், கைப்பேசியினுட் புக வல்லது. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 1,400 பேரின் கருவிகள் தம் வாயிலாகத் தாக்கப்பட்டன என்று வாட்ஸ்அப் நிறுவனத்தார் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கிட்டனர். அவருள் இந்தியப் பத்திரிகையாளரும் மனித உரிமைக்கு உழைப்போரும் இருந்தனர். அவ்வழக்கில் 2024 டிசம்பரில் அந்நிறுவனமே பொறுப்பாளி என்று நீதிபதி முடிவு செய்தார். 2025 மே மாதத்தில் நடுவர் குழுவினர் 16 கோடி டாலருக்கு மேற்பட்ட தண்டத்தொகை விதிக்க, அக்டோபரில் நீதிபதி அத்தொகையைப் பெரிதுங் குறைத்து, வாட்ஸ்அப் பயனாளரை இனித் தாக்கலாகாது என்று தடையும் விதித்தார்.

2021 ஜூலையில் உலகப் பத்திரிகைகள் பல கூடி, இச்செயலிக்கு இலக்காகக் கருதப்பட்டன என ஐயுறத்தக்க 50,000 எண்களின் பட்டியலைப் பற்றி எழுதின. நம் தமிழ்நாட்டில் மே பதினேழு இயக்கத்தைச் சேர்ந்த திருமுருகன் காந்தியின் எண்ணும் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது. எண் பட்டியலில் இருந்தமையாலேயே கருவி தாக்கப்பட்டது என்று துணிதற்கில்லை என்பதை அப்பத்திரிகைகளே எடுத்துரைத்தன. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 27ஆம் நாள், ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். வி. ரவீந்திரன் மேற்பார்வையில் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவினர் 29 கைப்பேசிகளை ஆராய்ந்தனர். ஐந்தில் ஏதோவொரு தீய செயலி இருந்தது. அது பெகாசஸ்தான் என்பதற்கு முடிவான சான்று கிட்டவில்லை என்று 2022 ஆகஸ்டு 25ஆம் நாள் நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழுவினர் கூறியதும் அன்று வெளிப்பட்டது. 2023 அக்டோபர் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தார் எதிர்க்கட்சித் தலைவர் சிலர்க்கு எச்சரிக்கை அனுப்பியபொழுதும், அத்தகைய எச்சரிக்கைகளிற் சில பொய்யாதலும் கூடும் என்றே உடன் கூறினர்.

அன்பர்களே! இதனால் நாம் அறியக்கிடப்பது யாது? பெருவல்லுநரும் பெருங்கருவிகளுங் கொண்டு மாதக்கணக்கில் ஆராய்ந்தும் 'இன்னதுதான்' என்று துணிந்து கூற இயலாத பொருளை, நாம் போன் சூடேறியதைக் கொண்டு ஒரே இரவில் துணிந்துவிடலாகாது. அன்றியும் அத்துணைப் பெரும்பொருள் செலவாகும் கருவியை, வலைக்கடன் அடைக்க வழிதேடும் நம்மேல் ஏவுவார் அரியர்.

அங்ஙனமாயின் நமக்கு இடரே இல்லையோ எனின், உண்டு. கள்வன் சுவரைத் துளைத்து வரும் இடர் அரிது. நாமே கதவைத் திறந்துவிடும் இடரே மிகுதி. வங்கியிலிருந்து பேசுகின்றோம் என்று ஒருவன் கூறித் திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் செய்கின்றான். ஏற்றியபின் நம் திரையில் தோன்றும் ஓ.டி.பி. எண்ணை அவனும் காண்கின்றான். எனிடெஸ்க் என்னும் செயலியின் வாயிலாக இவ்வஞ்சனை நிகழ்வதை 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அச்செயலி தன்னளவில் தீயதன்று. அதனை ஏற்றச் சொல்பவன் யாவன் என்பதே கேள்வி. மற்றொருவன் திருமண அழைப்பிதழ் என்றும், வண்டிக்கு அபராத ரசீது என்றும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு ஒன்றை அனுப்புகின்றான். அதனைத் தொட்டு, அது கேட்கும் அனுமதிகளையெல்லாம் கொடுத்தால், நம் குறுஞ்செய்திகள் அவன் கைக்குச் செல்கின்றன. சுக்கான் நம் கையில் இருப்பது போலத் தோன்ற, தோணி அவன் கருதிய திசையிற் செல்லும் நிலை இதுவே.

ஐயுறவேண்டாதவற்றையும் கூறுவோம். மின்கலம் விரைந்து தீர்தலும், கருவி சூடேறுதலும் வேவுக்குச் சான்றல்ல. கரையை விட்டு வல்லம் விலக விலகக் கோபுர அலை குறைகின்றது, அதனைத் தேடித் தேடிக் கைப்பேசி தன் ஆற்றலை மிகுதியாகச் செலவிடுகின்றது, சூடும் ஏறுகின்றது. பழைய மின்கலமாயின் சொல்லவும் வேண்டா. *#21# என்று அழுத்தினால் ஒட்டுக்கேட்பவனை அறியலாம் என்று பரவும் செய்தியும் உண்மையன்று. அழைப்பு வேறோர் எண்ணுக்குத் திருப்பப்பட்டுள்ளதா என்பதை மட்டுமே அது காட்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைப் பெயர் கூறாது உரைப்போம். மகள் எடுத்த படங்களும் செய்திகளும் வேறொரு வீட்டில் பேசப்பட்டன. உடனே, அவள் கைப்பேசியைப் பழுதுபார்த்த ஏழை இளைஞன்மேற் பழி விழுந்தது. ஊரார் அவன் கடைக்குச் செல்லாது நின்றனர். அவன் தாய் தெருவில் தலைகாட்ட நாணினாள். ஒரு திங்கள் கழிந்தபின் உண்மை வெளிப்பட்டது. அம்மகள் தன் பழைய கைப்பேசியைத் தாய்மாமன் வீட்டுச் சிறுவனுக்கு விளையாடக் கொடுத்திருந்தாள். அதில் அவளுடைய கூகுள் கணக்கும், இணைக்கப்பட்ட வாட்ஸ்அப்பும் நீக்கப்படாமலே இருந்தன. குற்றவாளி எவருமில்லை, ஆயினும் தண்டனை பெற்றவன் ஒருவன் உளன். கெட்ட பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் வங்கி எவ்வூரிலும் இல்லை.

திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரமும், 'ஒற்றாடல்' என ஓரதிகாரமும் வகுத்தார். ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியவனை ஐயுறுதலும் ஒருசேரத் துன்பந்தரும் என்பது முன்னதன் கருத்து. ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் வேறு ஒற்றரைக் கொண்டு சரிபார்த்தே கொள்ளவேண்டும் என்பது பின்னதன் கருத்து. அரசனுக்கே இவ்விதி எனின், நமக்குச் சொல்லவேண்டுமோ? நம் முன்னோர் தொழிலும் இதனையே கற்பித்தது. 1961ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. அந்நாள்வரை, பாரிலிருந்து மாதிரியாகச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்த்து, முத்து விளைந்தமை உறுதியான பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். மேலோட்டைப் பார்த்து உள்ளே முத்துண்டு என்று எவரும் பறையறைந்ததில்லை.

இனிக் கூறப்போவது சிலர்க்குக் கசப்பாக இருக்கும், ஆயினும் கூறுவோம். நம்மவர் கைப்பேசியை வேவு பார்ப்பவன் பெரும்பாலும் அயல்நாட்டான் அல்லன்; ஒரே கூரையின் கீழ் உறங்குபவனே. கப்பலுக்குச் செல்லுங் கணவன் மனைவியின் கைப்பேசியில் அவள் அறியாமல் ஒரு செயலியை வைத்துச் செல்கின்றான். மனைவி கணவனுடைய வாட்ஸ்அப்பைத் தன் கருவியோடு இணைத்து வைக்கின்றாள். இருவரும் இதனை அன்பின் மிகுதி என்றே கூறுகின்றனர். பரமக்குடி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரிய கணவன் ஒருவன், மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவள் இசைவின்றிப் பெற்றுச் சான்றாக வைத்தான். 2024 அக்டோபர் 30ஆம் நாள் மதுரையில் உயர்நீதிமன்ற நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், மனைவிக்கும் தனிமையுரிமை உண்டு, அச்சான்று ஏலாது என்று தீர்த்தார். பிறிதொரு வழக்கில் 2025 ஜூலை 14ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மறைவாகப் பதிந்த உரையாடலும் மணவிலக்கு வழக்கிற் சான்றாகலாம் என்று கூறியது. ஆயினும், கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்தால், அவ்வில்லறத்தில் நம்பிக்கை முன்னரே முறிந்துவிட்டது என்ற கருத்தையும் அத்தீர்ப்பே கொண்டுள்ளது. நீதிமன்றம் ஏற்கும் சான்று வேறு. குடும்பம் தாங்கும் செயல் வேறு.

நீரினுள் மூழ்கியவனுக்காக மேலே தோணியிற் கயிறு பிடித்து நின்றவனை நினைமின்! ஆழத்தில் நடப்பது அவன் கண்ணுக்குப் புலப்படாது. கயிறு அசைந்தால் இழுப்பான், அசையாதவரை காத்திருப்பான். ஒருவர் உயிர் மற்றொருவர் கையில் இருந்தும், ஒருவரையொருவர் நம்பியே அத்தொழில் நடந்தது. அத்தகையோர் வழிவந்த நாம், கையகலக் கருவி ஒன்றின் பொருட்டு இல்லாளை நம்பாது வாழ்தல் தகுமோ?

முடிவாக, செய்யத்தக்கன இவை:

முதலாவது, வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்னும் பகுதியையும், கூகுள் கணக்கில் உட்புகுந்துள்ள கருவிகளின் பட்டியலையும் பார்த்து, அறியாதவற்றை வெளியேற்றுக.

இரண்டாவது, கைப்பேசியின் செட்டிங்ஸ் பகுதியில், கருவியை நிர்வகிக்கும் உரிமையும், அணுகல்தன்மை என்னும் உரிமையும் எந்தெந்தச் செயலிக்கு அளிக்கப்பட்டுள்ளன என்று காண்க. ஐபோனாயின், சாதன நிர்வாகம் என்னும் பகுதியைக் காண்க. அறியாத பெயர் அங்கிருப்பின், ஐயத்திற்கு உண்மையான இடம் அதுவே.

மூன்றாவது, அவ்வாறு ஒன்றைக் கண்டால் உடனே அழித்துவிடற்க. வேறொரு கைப்பேசியால் அதனைப் படமெடுத்து வைத்துக்கொள்க. வீட்டிலுள்ளாரால் அச்சம் உடைய பெண்மக்கள், அதே கைப்பேசியில் உதவி கேளாது, நம்பத்தக்க மற்றொருவர் கைப்பேசியிலிருந்து 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அழைக்க.

நான்காவது, பணம் போயிற்று என்று அறிந்த கணமே 1930 என்னும் எண்ணை அழைக்க. நாணி ஒருநாள் தாழ்த்தின், பணத்தை மீட்டல் அரிதாம். பிறர் கருவியில் இசைவின்றிப் புகுவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இவ்விரண்டுமோ உண்டு என்பதையும் அறிக.

ஐந்தாவது, பெயர் சொல்லிப் பழிக்குமுன், இந்நான்கையும் செய்து முடிக்க.

சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. திங்கள்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கற்ற இளைஞர் இருவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, முதியோர் கைப்பேசிகளை அவர் கண்முன்னே, அவர் கையாலேயே திறக்கச்செய்து, மேற்கூறியவற்றைப் பார்த்துக் கொடுப்பாராக. கடவு எண்ணை அவர் கேட்கவும் வேண்டா. முதியோர் சொல்லவும் வேண்டா. செலவில்லாத இத்தொண்டு, ஊரிற் பல வீடுகளின் பொருளையும், அதனினும் பெரிய உறவையும் காக்கும்.

நம் மக்கள் ஆராய்ந்து ஐயுற்று, தெளிந்து நம்பி, நலம்பெற வாழ்க!