சூதாட்டப் பணத்தில் ரயில் வண்டியா?

 

எதிரணி நண்பர் அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்துட்டார், டிக்கெட் எடுக்காமலே! (சிரிப்பு) அங்கே பழங்குடி மக்கள் நடத்தும் சூதாட்ட விடுதிகளோடு கூட்டுச் சேர்ந்தால் பயணிகள் ரயிலுக்குப் பணம் கொட்டுமாம். அந்த வழி நமக்கும் இருக்கட்டுமே என்கிறார்.

அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். 1988-ல் வந்த சட்டம், சூதாட்ட லாபத்தை அவர்களுடைய நிர்வாகம், மக்கள் நலம் போன்றவற்றுக்குத்தான் செலவிட வேண்டும் என்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் பீக்வாட் பழங்குடியினர், சூதாட்ட இயந்திர வருமானத்தில் நூற்றுக்கு 25 தருவதாக 1993-ல் மாநில அரசோடு ஒப்பந்தமே போட்டார்கள். வேறு வழி அடைபட்டவர்கள் திறந்த வழி அது. நமக்கென்ன அந்தக் கதி?

நாமும் பார்த்தவங்கதானே ஐயா! 1968-ல் தமிழ்நாடு அரசு லாட்டரி வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சீட்டை வாங்கினது யாரு? பங்களாக்காரரா? மூட்டை தூக்கினவர், ரிக்‌ஷா மிதிச்சவர். கூலியில் பாதிக்குச் சீட்டு, மீதிக்கு அரிசி. வீட்டுல அந்தம்மா கேட்டா, "பொறுடி, நாளைக்குக் குலுக்கல்!" எத்தனை நாளை போச்சு! (கைதட்டல்) 2003 ஜனவரியில் தமிழக அரசே அதற்குத் தடை போட்டது.

ரயிலுக்குப் பணம் வேண்டாம்னு நான் சொல்ல வரலை. பயணிக்கு ஆகிற செலவு நூறு ரூபாய் என்றால் டிக்கெட்டில் வாங்குவது 54 ரூபாய்தான் என்று 2024-ல் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். மிச்சத்தை நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றுகிற சரக்கு வண்டி பெருமளவு சுமக்குது.

அதுக்காகச் சூதாடணுமா? தஞ்சாவூர் ஜில்லா போர்டு என்ன செய்தது தெரியுமா? நிலம் வைத்திருந்தவர்களிடம் ரயிலுக்கென்றே தனி வரி வசூலித்தது. அந்தப் பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்குத் தண்டவாளம் போட்டது. 1894-ல் வண்டி ஓடியது! வரி கசக்கும், கசக்கத்தான் செய்யும். ஆனால் யார் தலையில் எவ்வளவு என்பது கணக்கில் இருக்கும். நிலம் அதிகம் உள்ளவர் அதிகம் கொடுப்பார். சூதாட்டத்திலே ஏமாந்தவன்தான் அதிகம் கொடுப்பான்.

இன்னொன்று. சூதாட்டப் பணத்தை நம்பி வண்டி விட்டால், ஆட்டம் குறையக் குறைய வண்டியும் குறையும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருத்தணி ஸ்டேஷனில் இறங்கப் போறீங்க. அரக்கோணத்துல அறிவிப்பு வருது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! நேற்று யாரும் சரியாகச் சூதாடாத காரணத்தால் திருத்தணி வண்டி ரத்து செய்யப்படுகிறது!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அப்புறம் ரயில்வேக்காரரே வந்து 'இன்னும் கொஞ்சம் ஆடுங்க சாமி'ன்னு கெஞ்சணும்! ஆடி அழிந்த தருமன் கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த ஊர்களய்யா இது.

மணி அடிக்கிறார் நடுவர். ஒரே ஒரு கேள்வி. 2003-ல் லாட்டரியைத் தடை செய்தோம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் நிறைவேற்றியது. இந்தப் பணத்தில் வண்டி ஓடியிருந்தால், மறுநாள் காலையில் அந்த வண்டிக்கு யார் பணம் கொடுத்திருப்பார்? எதிரணி நண்பர் எழுந்து பதில் சொல்லட்டும்.