பூட்டிய வீடு

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் பாகூர்ப் பக்கத்துத் தெருக்களில் ஒரு காட்சியைக் காணலாம். பெட்டிகளைத் திண்ணையில் வைத்துவிட்டு வீட்டுக்காரர் கதவைப் பூட்டுகிறார். பூட்டை இருமுறை இழுத்துப் பார்க்கிறார். நான்கடி நடந்தபின் மனம் கேளாமல் திரும்பி வந்து மூன்றாம் முறையும் இழுத்துப் பார்க்கிறார். கொல்லைக் கதவைத் தாழிட்டோமா என்னும் ஐயம் பேருந்து புறப்பட்ட பிறகுதான் அவருக்கு எழுகிறது.

நேயர்களே, இதைச் சொல்லி நகைக்கும் உரிமை எனக்கில்லை. நானும் அவ்வாறு பூட்டிச் சென்று, திரும்பி வந்தபோது திறந்து கிடந்த கொல்லைக் கதவைக் கண்டவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வீடு புகுந்து திருடும் தொழில் நேற்று முளைத்ததன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், நள்ளிரவில் நூலேணியுடன் இருளோடு இருளாகத் திரியும் கள்வரும் வருகின்றனர். மழை பெய்யினும் சோராது தெருக்களைச் சுற்றிவரும் ஊர்க்காப்பாளரும் வருகின்றனர். சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லன், கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று எண்ணிக் காட்டுகிறான். அவற்றுள் இடமும் காலமும் கருவியும் அடங்கும். பொய்யன் வாயில் வந்த பேச்சாயினும் இம்மூன்றும் பொய்யல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரியைக் காண்கிறோம். ஊரைக் காப்பதற்கென்றே குடிகள் இறுத்த வரி அது. பிற்காலத்தில் தலையாரி தடியூன்றி நடந்தார். இன்று காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் நாம் ஊரில் இல்லை என்பதை நாமே சொல்லாவிட்டால் காவலருக்கு எப்படித் தெரியும்?

திருடனுக்கோ சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. நம் ஊர்களில் வாசலே அவனுக்குக் கடிதம் எழுதுகிறது. நாள்தோறும் சாணம் தெளித்துக் கோலமிட்ட வாசல் மூன்று நாள் வறண்டு கிடந்தால் அதற்கு வேறு பொருளில்லை. திண்ணையில் செய்தித்தாள்கள் குவிந்து கிடக்கும். துளசி மாடத்துச் செடி வாடி நிற்கும். பகல் வெளிச்சத்தில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இரவில் வெளிச்சம் இருக்கட்டும் என்று விளக்கைப் போட்டுவிட்டுச் செல்கிறவர்கள், அது நண்பகலிலும் எரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மாலையில் எரிந்து காலையில் தானே அணையும் விசைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பால்காரருக்கும் செய்தித்தாள் போடும் பிள்ளைக்கும் முன்னதாகவே சொல்லிவிடுதல் எளிது. இந்தக் காலத்து இளைஞர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். திருப்பதி மலையேறும்போதே படம் எடுத்துக் கைப்பேசியில் உலகுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். தண்டோராப் போடும் செலவு மிச்சம்! படங்களைத் திரும்பி வந்தபின் காட்டினால் மலை ஓடிவிடாது.

நெடுந்தொலைவு செல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரன்றும், திருக்காஞ்சி மாசிமகத்தன்றும் தெருவே ஆளின்றி இருக்கும். அரை நாள் வெறுமை திருடனுக்குப் போதும். பிரான்சு நாட்டில் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் நம் பகுதியில் பல உண்டு. அவர்கள் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. அத்தகையோர் நம்பிக்கையான உறவினர் ஒருவரை வீட்டில் குடியிருத்திச் செல்வதே நலம்.

இனிப் பூட்டைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். பூட்டு என்றால் நமக்குத் திண்டுக்கல் நினைவுக்கு வரும். கையால் செய்யும் அவ்வூர்ப் பூட்டுகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் கனத்துத் தொங்கும் பூட்டைப் பலர் கண்டிருப்பீர்கள். பூட்டின் உள்ளே நெம்புத் தகடுகள் உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தகடுகள் மிகுந்தால் கள்ளச்சாவிக்கு வேலை கடினம். ஆயினும் திறக்க முடியாத பூட்டு என்று ஒன்றுமில்லை. 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், எவராலும் வெல்ல முடியாதெனப் பெயர் பெற்றிருந்த பிராமா பூட்டை ஐம்பது மணி நேரத்துக்கு மேல் முயன்று திறந்து காட்டினார்.

நம் பக்கத்துத் திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவன் பூட்டைத் தொடுவதேயில்லை. பூட்டு மாட்டியிருக்கும் நாதாங்கியைக் கடப்பாறையால் பெயர்த்துவிடுகிறான். நூறு ரூபாய் நாதாங்கியை நான்கு சிறு திருகாணிகளால் மரத்தில் பொருத்தி, அதில் ஆயிரம் ரூபாய்ப் பூட்டைத் தொங்கவிடுவதால் என்ன பயன்? கதவின் மரத்தை ஊடுருவும் போல்ட்டுகளை இட்டு, உட்புறம் நட்டு முடுக்க வேண்டும். வெளியே பூட்டுத் தொங்குவதே ஆளில்லை என்பதற்கு அறிவிப்பு. ஆகையால் கதவோடு இணைந்த உட்பூட்டு மேலானது. பழைய வீடுகளில் முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போடவேண்டும். நாட்டு ஓடுகளைப் பிரித்து இறங்குவது அவர்களுக்குப் பழகிய வழி. கொல்லைப்புறத்தில் ஏணியையும் கடப்பாறையையும் மண்வெட்டியையும் சாத்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள். கருவியை நாமே கொடுத்தவராவோம். கண்காணிப்புக் கேமரா வைப்பவர்கள், படம் பதிவாகும் பெட்டியைக் கேமராவுக்கு அடியிலேயே வைத்துவிடுகிறார்கள். திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிச் சென்றால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

நகைகளை அரிசிப் பானையிலும், பூசையறைப் படத்துக்குப் பின்னாலும், பீரோவின் புடவை மடிப்பிலும் ஒளிப்பது நம் வழக்கம். அந்த இடங்களை நம்மைவிடத் திருடன் நன்கறிவான். வங்கிப் பெட்டகமே தக்கது. ரிசர்வ் வங்கியின் விதி 2022 சனவரி முதல் மாறியுள்ளது. பெட்டகத்திலுள்ள பொருள் தீயினாலோ திருட்டினாலோ வங்கி ஊழியரின் மோசடியாலோ இழக்கப்பட்டால், ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரையில் வங்கி பொறுப்பேற்க வேண்டும். நகைகளைப் படமெடுத்து, எடையும் கடை இரசீதும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு ஆறிலக்கத் தனி அடையாளக் குறி கட்டாயம். அதையும் குறித்து வைப்பது நல்லது. என்னிடம் அத்தகைய குறிப்பு ஒன்றும் இருந்ததில்லை.

என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கோடையில் மகன் வீட்டுக்கு ஒன்பது நாள் சென்றோம். எங்கள் வீட்டில் வாசல் தெளித்துக் கோலமிட ஓர் அம்மையார் வந்துகொண்டிருந்தார். நாங்கள் இல்லாதபோது அவருக்கு என்ன வேலை என்று எண்ணி, அந்த நாள்களுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது நாள் கூலியை மிச்சப்படுத்தினேன். திரும்பி வந்து பார்த்தால், கொல்லைக் கதவின் மரத்தாழ் இரண்டாக முறிந்து கிடந்தது. என் மனைவிக்கு அவள் தாயார் கொடுத்த கல்தோடு போயிற்று.

அந்த வேளையில் செய்யவேண்டியது எதையும் நான் செய்யவில்லை. உள்ளே நுழையாமல், எதையும் தொடாமல், 112 என்னும் எண்ணை அழைத்திருக்க வேண்டும். கைரேகைக்கென உலகிலேயே முதல் நிலையம் 1897இல் நம் கல்கத்தாவில் அமைந்தது என்று வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். என் வீட்டுப் பீரோவையோ நானே நான்கு முறை திறந்து மூடினேன். அதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. அக்கம்பக்கத்தார் கூடி, வீட்டின் உள்விவரம் அறிந்தவர் யார் என்று கேட்டனர். காவலரும் யார்மீதேனும் ஐயம் உண்டா என்றார். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லியிருக்கலாம். நான் அந்த அம்மையாரின் பெயரைச் சொன்னேன். இரண்டு நாள் அவரை நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். அவர் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மாதம் கழித்து, வேறொரு வழக்கில் பிடிபட்ட வெளியூரான் ஒருவன் எங்கள் வீட்டுத் திருட்டையும் ஒப்புக்கொண்டான். தோடு உருக்கப்பட்டுவிட்டது. எங்கள் வீட்டை எப்படித் தேர்ந்தாய் என்று கேட்டதற்கு, தெருவிலேயே அந்த ஒரு வாசலில்தான் கோலமில்லை என்றானாம்.

நானும் என் மனைவியும் அந்த அம்மையார் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் எங்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பரவாயில்லை ஐயா என்றார். மகளின் அந்தச் சம்பந்தம் நின்றுபோன செய்தியைப் பிறர் சொல்லித்தான் அறிந்தோம்.

இப்போதெல்லாம் ஊருக்குப் புறப்படும் முன், செல்லும் நாளையும் திரும்பும் நாளையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுக்கிறேன். இரவுச் சுற்றில் வருகிறவர்கள் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துச் செல்கிறார்கள். எதிர்வீட்டில் என் தொலைபேசி எண் இருக்கிறது. கொல்லைக் கதவுக்கு இரும்புப் பட்டை அடித்தாயிற்று. கோலத்துக்குத்தான் ஆள் அமையவில்லை. அந்த அம்மையார் தெருவில் எதிர்ப்பட்டால் நின்று நலம் விசாரிக்கிறார். எங்கள் வாசலில் மட்டும் கால் வைப்பதில்லை. அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, நாங்கள் இல்லாத நாள்களில் தண்ணீர் தெளித்து நான்கு புள்ளி வைத்துவிட்டுப் போகிறாள்.