அசதிக்கும் ஒரு காரணம் உண்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைச் சேமிப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க. சேமிப்பைப் பத்தி நம்மளுக்குச் சொல்லித்தர இனிமேல் ஆள் தேவையில்லை. யாரு எவ்வளவு கட்டினா, யாருக்கு எவ்வளவு பாக்கி, வட்டி எத்தனை ரூபாய்னு நோட்டைப் பார்க்காமலே சொல்லுவோம். ஆனா உங்க ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு இப்போ கேட்டா, எத்தனை பேர் சொல்லுவீங்க? அதனால இன்னிக்கு அந்தக் கணக்கைப் பத்திப் பேசுறேன்.

நம்ம பெண்கள் அசதியை ஒரு நோயா நினைக்கிறதே இல்லை. மிளகு பறிச்சோம், குச்சிக்கிழங்கு புடுங்கினோம், விறகு சுமந்தோம், அசதியாத்தான் இருக்கும்னு விட்டுடுறோம். வேலை செஞ்ச அசதி ராத்திரி தூங்கினா போயிடணும். தூங்கி எழுந்தும் போகலைன்னா, மேடு ஏறும்போது மூச்சு வாங்குச்சுன்னா, நெஞ்சு படபடன்னு அடிச்சா, தலை சுத்தினா, அதுக்கு வேற காரணம் இருக்குது. மண்ணு, சாம்பல், பச்சரிசி திங்கணும்னு ஆசை வர்றதும் ரத்தம் குறைஞ்சதோட அடையாளமா இருக்கலாம்.

இது நம்ம மலையில மட்டும் இருக்கிற பிரச்சினை இல்லை. 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூத்துக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்குதுன்னு சொல்லுது. பாதிக்கு மேல! இருபது பேர் உள்ள குழுவுல பத்துப் பேர்னு வச்சுக்கோங்க.

கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்கணும். கர்ப்பிணிக்கு 11. மத்தவங்களுக்கு 8க்குக் கீழே போனாலும், கர்ப்பிணிக்கு 7க்குக் கீழே போனாலும் அது கடுமையான இரத்தசோகை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னொண்ணு, நம்ம கொல்லிமலை சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்துல இருக்குது. உயரத்துல இருக்கிறவங்க உடம்புக்கு ரத்தம் கொஞ்சம் கூடுதலாவே வேணும். அதனால 12ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கிறவங்க, போதும்னு இருந்துடக் கூடாது.

இனி என் கதையைச் சொல்றேன். எனக்கு ரெண்டு வருஷமா அசதி. முடி கொட்டுச்சு, உடம்பு கனத்துச்சு, கூட்டத்துல உட்கார்ந்தா தூக்கம் வரும். கீழே ஒரு ஊர்ல போய்க் காட்டினேன். சத்து ஊசின்னு போட்டாங்க, டானிக் எழுதிக் கொடுத்தாங்க. போகும்போதெல்லாம் பணம் செலவாச்சு, ரத்தம் எடுத்துப் பார்க்கணும்னு ஒருத்தரும் சொல்லலை. அப்புறம் ஒரு முகாம்ல பார்த்தப்போ ஹீமோகுளோபின் 7.4. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க. ஒரு நாள் விடாம மூணு மாசம் சாப்பிட்டேன். திரும்பப் பார்த்தா 8.1தான்.

அப்போ இருந்த டாக்டரம்மா, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து அனுப்பலை. ஏன் ஏறலைன்னு கேட்டாங்க. மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை துணி மாத்துற, கட்டி கட்டியாப் போகுதான்னு கேட்டாங்க. எட்டு ஒன்பது நாள் போகும்மான்னு சொன்னேன். நம்ம வீட்டுல அம்மாவுக்கும் அப்படித்தான், அதனால அது எல்லாருக்கும் உள்ளதுன்னுதான் இருந்தேன். முழு ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டுற பெரிட்டின், சர்க்கரை, தைராய்டுக்கு டி.எஸ்.எச். எல்லாம் எழுதினாங்க. பெரிட்டின் அடிமட்டத்துல இருந்துச்சு. டி.எஸ்.எச். நாலு, நாலரைக்குள்ள இருக்கணும், எனக்கு 18.

தைராய்டு சுரப்பு குறைஞ்சா அதுவே அசதி கொடுக்கும். மாதவிலக்கும் அதிகமாப் போகும். போன ரத்தத்தோட இரும்பும் போயிடும். ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தின மாதிரி, நான் மாத்திரையை ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன். ஓட்டையை அடைச்ச பிறகுதான் குடம் நிறைஞ்சுது. தைராய்டு மாத்திரை காலையில வெறும் வயித்துல, இரும்பு மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. ரெண்டையும் சேர்த்துப் போட்டா தைராய்டு மாத்திரை சரியா வேலை செய்யாது. ஆறு மாசத்துல 11.6 வந்துச்சு.

எனக்குத் தைராய்டு, உங்களுக்கு வேறயா இருக்கலாம். செருப்பு இல்லாம ஈர மண்ணுல நடந்தா கொக்கிப்புழு பாதத்து வழியா உள்ள போய்க் குடல்ல ரத்தம் குடிக்கும். அதுக்குத்தான் பிப்ரவரியிலயும் ஆகஸ்டுலயும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறாங்க. சிலருக்கு பி12 குறைவு. சிலருக்குக் கர்ப்பப்பையில கட்டி. சர்க்கரை, சிறுநீரகம், மூலம், காசநோய்னு காரணம் பல. பரிசோதனைச் சீட்டுல ரத்த அணு சின்னதா இருந்தா பெரும்பாலும் இரும்புக் குறைவு, பெருசா இருந்தா பி12 அல்லது போலிக் அமிலக் குறைவுன்னு டாக்டர் யோசிப்பாங்க.

பரம்பரையா வர்ற அரிவாள் அணு நோயும் உண்டு. இந்தியாவுல அது 1952ல் முதல்ல தெரிஞ்சது நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான். பழங்குடிப் பகுதிகள்ல அதைப் பரிசோதிக்க 2023ல் மத்திய அரசு ஒரு இயக்கமே தொடங்கியிருக்குது, அதுல தமிழ்நாடும் இருக்குது. பரிசோதனைக்குக் கூப்பிட்டா பயப்படாமப் போங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்கிறது நல்லது.

இந்த "ஏன்"ங்கிற கேள்வியோட அருமைக்கு ஒரு பழைய சேதி சொல்றேன். லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா 1928ல் பம்பாய்க்கு வந்தாங்க. அங்க மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்ப காலத்துல ரத்தம் குறைஞ்சு செத்துக்கிட்டு இருந்தாங்க. என்ன சாப்பிடுறாங்க, எதுல குறைன்னு தேடினாங்க. 1929ல் நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துலயும் வந்து ஆராய்ச்சி பண்ணினாங்க. ஈஸ்ட் சாறு கொடுத்தா அந்தப் பெண்கள் தேறுறாங்கன்னு கண்டுபிடிச்சு 1931ல் எழுதினாங்க. அந்தச் சாறுல இருந்த சத்துக்குத்தான் பின்னால போலிக் அமிலம்னு பேர் வந்துச்சு. இன்னிக்குக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு மாத்திரையிலயும், பள்ளிக்கூடப் பிள்ளைகளோட நீல மாத்திரையிலயும் இரும்போட சேர்ந்து இருக்கிறது அதுதான்.

மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நம்ம மலையில காப்பி இல்லாமப் பொழுது விடியாது. ஆனா மாத்திரையோட காப்பி, டீ குடிச்சா இரும்பு உடம்புல ஒட்டாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிங்க. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கிட்டா நல்லா ஒட்டும். மலம் கறுப்பாப் போனா பயந்து நிறுத்தாதீங்க, அது இரும்போட நிறம். அளவு ஏறின பிறகும் டாக்டர் சொல்ற வரைக்கும் சாப்பிடணும், சேமிப்பும் நிறையணும் இல்லையா? சாமை, தினை, முருங்கைக்கீரை, பயறு எல்லாம் சாப்பிடத்தான் வேணும். நம்ம காட்டுல குச்சிக்கிழங்கு வந்து சாமையை ஓரம் தள்ளிடுச்சு, வீட்டுக்காவது கொஞ்சம் விதைச்சு வைங்க. ஆனா ரத்தம் 7க்கும் 8க்கும் இறங்கினவங்களுக்குக் கீரை மட்டும் போதாது, மருந்து வேணும்.

இப்போ கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கிராம சுகாதார செவிலியரை அழைச்சு எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பார்க்கணும். அளவை அவங்கவங்க சொந்த நோட்டுல எழுதிக்கட்டும், கூட்டத்துல வாசிக்க வேண்டாம். அது அவங்க உடம்பு, அவங்க விஷயம்.

ரெண்டு, மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டும் ஏறாதவங்களை இன்னொரு உறுப்பினர் துணைக்குக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போகணும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகணும்னா, வீட்டுல பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் பார்க்கக் குழுவே ஆள் ஏற்பாடு பண்ணணும். பணம் இல்லைன்னு ஒரு பொம்பள போகாம இருந்தாங்கிற பேச்சு வரக் கூடாது. பஸ் செலவுக்கும், வெளியில எடுக்கச் சொல்ற பரிசோதனைக்கும் அன்னிக்கே உள்கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்க.

மூணு, கர்ப்பிணிகளை யாரும் தவற விடக் கூடாது. ரத்தம் இல்லாத தாய்க்குப் பிரசவத்துல கொஞ்சம் ரத்தப்போக்கு ஆனாலும் உயிருக்கு ஆபத்து. மலையிலிருந்து கீழே இறங்குறதுக்கு ஆகிற நேரம் நம்ம எல்லாருக்கும் தெரியும். முன்கூட்டியே அளவு தெரிஞ்சா, இரும்புச்சத்து மருந்தை ஊசி வழியா ஏத்தவும், எங்க பிரசவம் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணவும் நேரம் கிடைக்கும்.

கடன் கணக்குல பத்து ரூபாய் இடிச்சாலும் ராத்திரி விளக்கு வச்சுக்கிட்டு உட்கார்ந்து கண்டுபிடிக்கிறவங்க நாம. அதே பிடிவாதத்தோட நம்ம அசதிக்கும் காரணம் கேட்போம். அடுத்த கூட்டத்துல வருகைப் பதிவு எடுத்த உடனே தேதியைக் குறிச்சிடுங்க.