ஒட்டுப்பாலும் ஒட்டுப் புத்தகமும்

(ரெங்கத்தில் பழம்படக் கண்காட்சித் திறப்பின்போது ஆற்றிய உரை)



ரெங்கத்துக்குப் பேசப் போகிறேன் என்று நேற்று ஜொகூர்பாருவில் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் என்னை அனுதாபத்தோடு ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ரெங்கம் ஐயா, சிறைச்சாலை ரெங்கமா, ரயில் ரெங்கமா?" என்று கேட்டார். சிம்பாங் ரெங்கம் வேறு, ரெங்கம் வேறு என்று ஊராருக்கு விளக்கியே உங்கள் ஆயுளில் பாதி கழிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். "ரயில் ரெங்கம்தான், போனால் அன்றைக்கே திரும்பி வந்துவிடலாம்" என்றேன். தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். சிம்பாங் ரெங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும், அங்கேயும் எனக்குச் சம்பந்திகள் உண்டு, நான் சமாதானம் செய்துகொள்வேன்.

ரயில் என்றதும் ஒரு கேள்வி. 1909ஆம் ஆண்டில் ஜொகூர் ரயில்பாதை முடிந்து தெற்கே ஜொகூர்பாரு வரை வண்டி ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, தகரப்பெட்டியும் ஜமுக்காளமுமாக இந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில் வந்து இறங்கி, திசை தெரியாமல், கங்காணியின் குடையை மட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்துபோனவர்களின் பேரன் பேத்திகள்தான் இங்கே வந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர். இன்றைக்கு மின்ரயிலுக்காக இரட்டைப் பாதை போட்டு நிலையமே புதுக்கோலம் பூண்டுவிட்டது. பழைய நிலையத்தின் முன்னால் நின்று எடுத்த படம் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். மூன்று கை! இவ்வளவு பெரிய சபையில் மூன்றே மூன்று கை. அதிலும் ஒரு கை அதோ அந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து உயர்கிறது. அது யாருடைய கை என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் அவரைப் பற்றிப் பேசாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒட்டுப்பால் என்றால் இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பாலெல்லாம் வாளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் மரத்தின் வெட்டில் ஒரு மெல்லிய இழை காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மங்கின் அடியிலும் கொஞ்சம் உறைந்து கிடக்கும். மறுநாள் விடியலில் உளியை வைப்பதற்கு முன்னால் அதை உரித்து, இடுப்புப் பையில் திணித்து, நாற்றம் குடலைப் பிடுங்கினாலும் சுமந்துகொண்டு வந்து நிறுத்துப் போட்டார்கள் நம் தாய்மார்கள். நல்ல பாலுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு அதைவிடக் குறைந்த ஒரு விலை. இருந்தாலும் விலை உண்டு. மரத்தில் ஒட்டியிருந்த இழையைக்கூட வீணாக்காத ஜனங்கள் நாம். அப்படிப்பட்ட நாம், லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோன அன்றைக்கு என்ன செய்தோம்? தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ரஜூலா கப்பலின் பயணச் சீட்டும், ஜப்பான்காரன் அடித்துவிட்ட வாழைமர நோட்டும், கறுப்புத் தாள் ஆல்பமும் கிடந்தன. "எல்லாம் கரையான் குப்பை" என்று வாசலில் கொட்டி நெருப்பு வைத்தோம். ஒட்டுப்பாலை நிறுத்துப் போட்ட கைகளே தீக்குச்சியையும் கிழித்தன.

1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின என்று சொல்லும்போது இன்றைக்கும் நமக்குத் தொண்டை அடைக்கிறது, அடைக்கத்தான் வேண்டும். எரித்தவர்களை இந்த மேடையிலிருந்து எத்தனையோ முறை நான் சபித்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு போகிக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாமே எரித்தவற்றைக் கணக்குப் பார்க்க யார் இருக்கிறார்கள்? சபை மௌனமாகிவிட்டது. நல்லது, நான் மேலே போகிறேன்.

தப்பிப் பிழைத்ததெல்லாம் எங்கே போகிறது? பேப்பர் லாமா லாரியில் ஏறுகிறது. லாரியிலிருந்து பாசார் காராட்டுக்கு வருகிறது. சிங்கப்பூரில் சுங்கை ரோட்டுப் பழஞ்சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஜொகூர்பாருவின் பாசார் காராட்டில் இன்றைக்கும் ராத்திரியில் போனால், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் நின்றுபோன கைக்கடிகாரத்துக்கும் நடுவில் யாரோ ஒருவருடைய கல்யாணப் படம் மல்லாந்து கிடக்கும். அங்கே கிடப்பதுகூடப் பெரிதில்லை. சென்ற மாதம் ஒரு காபிக்கடைக்குப் போனேன், பேர் வேண்டாம். பழமையாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே புதிதாகக் கட்டிய கடை. சுவரில் ஒரு தமிழ்க் குடும்பம். திரைச்சீலையில் தீட்டிய மாளிகை, முக்காலியில் ஒரு பூச்சாடி, நாற்காலியில் மீசைக்காரர் ஒருவர், பக்கத்தில் கண்டாங்கிச் சேலையில் ஓர் அம்மாள், அவர் மடியில் காதணியோடு ஒரு குழந்தை. "இவர்கள் யார்?" என்று கடைப் பையனைக் கேட்டேன். "டெக்கரேஷன் அங்கிள்" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. படத்தை விற்ற பேரனைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சபையிலேயே இருந்தாலும் இருப்பார்.

இப்போது தூணோரத்து மனிதருக்கு வருகிறேன். அவர் சைக்கிளில் பழைய பேப்பர் வாங்கியவர். கிலோவுக்கு இத்தனை காசு என்று வாங்கி, இத்தனை காசு என்று விற்பதில் இடையில் நிற்பதுதான் அவருடைய ஜீவனம். அந்த ஜீவனத்திலிருந்து ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே திருடியவர் அவர்! எடைக்கு வந்த கட்டிலிருந்து ஒரு கடிதம், ஒரு படம், ஒரு நாடக நோட்டீசு என்று எடுத்து ஒதுக்கிவைத்தார். அவ்வளவும் அவர் கைநஷ்டம். அந்தக் காட்சி மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருப்பவற்றில் முக்கால்வாசி அவர் ஒதுக்கியதுதான்.

அதில் ஒரு புத்தகம் இருக்கிறது. போகும்போது நின்று பாருங்கள். தடித்த அட்டை போட்ட தோட்டத்துச் செக்ரோல் புத்தகம். கணக்கு முடிந்து கிராணி தூக்கி எறிந்ததை யாரோ எடுத்து, அதில் பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி, மரவள்ளி மாவில் கூழ் காய்ச்சி ஒட்டியிருக்கிறார்கள். சுதந்திரம் வந்த 1957 ஆகஸ்டு 31இன் செய்தி. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, பாட்டாளியின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கலாம் என்று துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் செய்தி. தனிநாயக அடிகளாரின் முயற்சியில் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டுச் செய்தி. நடுநடுவே மக்கள் திலகம் கத்தியோடு நிற்கிறார். தட்டுவீர்கள் என்று தெரியும். மாநாட்டுக்குத் தட்டாதவர்கள்கூடக் கத்திக்குத் தட்டுகிறீர்கள்!

அதையெல்லாம் பார்த்துவிட்டு நான் போற்றிக் கொண்டிருந்தேன். நம்முடைய ஆள் மெதுவாக வந்து, துணுக்கு ஒன்றின் ஓரத்தை விரலால் காட்டினார். கூழ் காய்ந்து தாள் மேலெழும்பிய இடத்தில், அடியிலே நீல மையில் வரிசையாகப் பெயர்கள். பால்மரம் வெட்டியவர்களின் பெயர்கள். எதிரே கட்டம் கட்டமாக வந்த நாள், வராத நாள், பிடித்தம். "மேலே இருக்கிற பேப்பர் லைப்ரரியில கிடைக்கும் சார்; கீழே இருக்கிறது எங்கேயும் கிடைக்காது" என்றார். நான் எத்தனையோ பண்டிதர்களின் பிரசங்கம் கேட்டவன். மேலே ஒட்டியதைவிட அடியில் மறைந்ததே பெரிய சாட்சியம் என்பதைச் சைக்கிளில் பேப்பர் வாங்கிய மனிதரிடம் பாடம் கேட்டேன்.

பெயர் என்றதும் எனக்கு வேறொரு புண் நினைவுக்கு வருகிறது. ஓர் ஊரில், ரெங்கத்தில் இல்லை, பயப்படாதீர்கள், ஒரு சங்கத்தார் பொன்விழா மலர் போட்டார்கள். பளபளப்பான தாள். தலைவர் மாலை போடுகிறார். தலைவருக்கு மாலை போடுகிறார்கள். தலைவர் மாலையைக் கழற்றுகிறார். கழற்றிய மாலையைத் தலைவர் இன்னொருவருக்குப் போடுகிறார். இப்படியே பக்கத்துக்குப் பக்கம் பூக்கடை! கடைசியில் ஒரு மூலையில், தபால்தலை அளவில், சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படம். கீழே என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "பழைய உறுப்பினர்கள்." அவ்வளவுதான். எட்டுப் பேர் ஐயா! மாதச் சம்பளத்தில் சந்தா பிடித்துக் கட்டடம் எழுப்பிய எட்டுப் பேருக்கு ஒரு பெயர் இல்லை. அந்த மலரைப் போட்ட மகானுபாவர்தான் பழம்படம் சேர்க்கும் எங்களைப் பற்றி, "குப்பை பொறுக்கும் கோஷ்டி" என்று ஒரு தேநீர் விருந்தில் திருவாய் மலர்ந்தாராம். ஆமாம் ஐயா, பொறுக்குகிறோம். நீங்கள் போட்டதைத்தானே பொறுக்குகிறோம்! போதும், போதும், தட்டியது போதும். அவரைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போதாது, அவருக்கும் அது விளம்பரமாகிவிடும்.

குப்பை பொறுக்கிய ஒருவர் கதையைச் சொல்கிறேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெரும் பண்டிதர் இல்லை. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம், சஞ்சிகை என்று தொடங்கியவர், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, நாடக நோட்டீசு, அந்தரங்கக் கடிதம், பத்திரிகைத் துணுக்கு என்று எதையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய லட்சம் உருப்படி. அதை வாங்கியது யார்? அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். வாங்கியவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களா? இல்லை, பொருள் பிறந்த மண்ணிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் வைத்தார்கள், அதுதான் இன்றைய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கருமாதிப் பத்திரிகையின் மதிப்பைச் சிகாகோக்காரனிடமிருந்து நாம் தெரிந்துகொண்டோம் என்பதைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கத்தோடு சொல்வதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தாரும் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை ஊர் ஊராகத் தேடிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். தோட்டப்புறத்துப் படங்களைத் தேடி எந்தத் தேசத்துக்காரன் வரவேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம்?

நம் பாட்டிமார்கள் ஸ்டூடியோவுக்குப் போனவர்கள் அல்லர். பலருக்கு முதல் படத்தை எடுத்தது சர்க்கார். 1948இல் அவசரகாலம் பிறந்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை என்று சட்டம் வந்தபோது, அதுவரை கண்ணாடியில்கூட நிதானமாகத் தன் முகத்தைப் பார்த்திராத பெண்களைக் காமிராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அட்டையில் படம், பக்கத்தில் பெருவிரல் ரேகை. அந்த அட்டையைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுப் போராளிகள் பிடுங்கிக் கிழித்துப் போட்ட கதைகளும் உண்டு. அதற்குத் தப்பிய அட்டையில், யாரோ அதட்டியதைக் கேட்டு விறைத்த முகத்தோடு ஒரு பெண் நம்மைப் பார்க்கிறாள். எங்கள் அப்பாயிக்கு வேறு படமே கிடையாது. நானும் அந்த அட்டையைத் தொலைத்தவன்தான். அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

காரியத்துக்கு வருகிறேன். படம் மங்கிவிட்டது என்று லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் போடாதீர்கள். பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். எழுபது, எண்பதுகளில் ஆசை ஆசையாக வாங்கினோமே, மேலே பிளாஸ்டிக் தாளும் கீழே பசைக் கோடுமாக ஓர் ஆல்பம், அதிலிருந்து படங்களை, தானாக வருகிற மட்டும், எடுத்துவிடுங்கள். வராததை இழுக்காதீர்கள், ஆல்பத்தோடு பிரதி எடுத்துக்கொள்ளலாம். சாமி அறையில் ஊதுவத்திப் புகையிலும் சமையலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் அழைக்காமலே வரும். காற்றோட்டமான அலமாரி போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தின் பின்பக்கம் பெயர் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் கசியும், அழுத்தினால் முகத்தில் தழும்பு விழும். மெல்லிய பென்சிலால், ஓரமாக, இடமிருந்து வலமாக. வீட்டில் கிழவி ஒருத்தி இருந்தால் இன்றிரவே கேளுங்கள். "இது யார் அப்பாயி?" என்று நீங்கள் ஒரு முகத்தைக் காட்டினால், அவள் நாலு லயத்தின் கதையைச் சொல்வாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே மண்டபத்தில் பிரதி எடுக்கும் யந்திரத்தோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். படத்தைக் கொண்டுவாருங்கள், உங்கள் கண்முன்னால் இருபுறமும் பிரதி எடுத்து அசலை உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், என்னிடமும் கூடத்தான். தூணோரத்து மனிதரும் வருவார். இதோ தலையை ஆட்டுகிறார். பேனா கொண்டுவர வேண்டாம். இரண்டு டஜன் பென்சில் வாங்கிச் சீவி வைத்திருக்கிறேன்.