நெஞ்சுக்குள் ஒரு வால்வு

கொல்லிமலை குண்டூர் நாட்டில் ஒரு பிள்ளைக்குத் தொண்டை வலி, காய்ச்சல். சில வாரங்களில் மூட்டு மூட்டாக வீக்கம். இதை அலட்சியப்படுத்தாதீர்கள், ருமாட்டிக் காய்ச்சலாக இருக்கலாம். அது இதய வால்வைச் சுருக்கிவிடக்கூடும். ரத்தம் தேங்கி இடது மேலறை விரியும், துடிப்பின் தாளமும் தப்பும்.

சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கலாம். கெட்டே போனால் மாற்றத்தான் வேண்டும். வெளிநாட்டு வால்வு ஏழைக்கு எட்டாத காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் சொந்தமாக ஒன்றை உருவாக்க இறங்கினார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பர் 6 அன்று ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகக் கூண்டுக்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் தட்டு, நாளுக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடவேண்டும்! அந்த விடாமுயற்சியை எண்ணினால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இப்படிச் செயற்கை வால்வு வைத்தவர்கள், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஆயுளுக்கும் நிறுத்தக்கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கவேண்டியிருந்தாலும், டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை அவசியம். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, டாக்டர் சொல்லும் காலம் வரை, 3 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுவந்தால் வால்வு மேலும் கெடாமல் காக்கலாம்.